கண்ணாடிக்குள் தெரிந்த புளியமரம்

பிள்ளைகளா, நான் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுவது என் தொழில். ஒரு குருவியைப் பற்றி உங்களுக்கு எழுதப்போகிறேன். இதன் முடிவில் அந்தக் குருவி உயிரோடு இருக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் வரும், வரும் என்று உங்களைக் காத்திருக்க வைக்க எனக்கு மனசு இல்லை. அப்படி ஒருத்தியை ஏற்கெனவே காத்திருக்க வைத்துவிட்டேன். அவள் என் மகள்.

எங்கள் வீடு கீழக்குயில்குடியில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மதுரையிலிருந்து ஆட்கள் பைக்கில் வந்து மலையைப் பார்த்துவிட்டு, குளத்தில் தாமரையைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம், இரண்டு நுணா மரம், அதற்கு அப்பால் உண்ணிச்செடிப் புதர். இவ்வளவுதான். புளிய இலை உதிர்ந்து உதிர்ந்து தரையில் மெத்தை மாதிரிக் கிடக்கும்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. புரட்டாசி முடிகிற சமயம். சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள் வெறுங்கையோடு ஓடி வந்தாள்.

"ஏப்பா, பின்னாடி யாரோ பொம்மையைப் போட்டுட்டுப் போயிருக்காங்கப்பா."

"எடுத்துட்டு வா."

"எடுக்க முடியல. அது தாவுது."

போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இலைக் குப்பையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு குருவி நின்றுகொண்டிருந்தது. மைனாவை விடச் சின்னது. வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெட்டி எடுத்த மாதிரிக் கட்டையாக இருந்தது. முதுகு பச்சை. இறக்கையின் தோள்பக்கம் நீலம். அந்த நீலம் நான் எந்தக் கடைச் சேலையிலும் பார்க்காத நீலம். நெஞ்சும் வயிறும் சந்தனத்தைக் கரைத்துப் பூசியது போல. கண் வழியாகக் கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைக் கோடு. தொண்டை வெள்ளை. அடிவயிற்றில், வாலுக்குக் கீழே, குங்குமச் சிவப்பு. இலையை அலகால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தள்ளிவிட்டு, ஒரு புழுவை எடுத்து விழுங்கியது. பிறகு எங்களைப் பார்த்தது. அதற்கு அவசரமே இல்லை.

அவளிடம் பன்னிரண்டு கலர் கொண்ட மெழுகுப் பென்சில் டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்து குருவிக்கு வேண்டிய கலரையெல்லாம் தனியாக எடுத்து வைத்தாள். கடைசியில் டப்பாவில் மூன்றுதான் மிச்சம் இருந்தது.

மறுநாள் அவள் டீச்சர் அதன் பேரைச் சொல்லி அனுப்பினார். ஆறுமணிக்குருவி. காலையில் ஆறு மணி வாக்கில் ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒரு தடவை இரட்டை விசில் அடிக்கும். நடுவில் பெரும்பாலும் வாயே திறக்காது. வடக்கே, மலைக்காட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் ராத்திரி ராத்திரியாகப் பறந்து நம் பக்கம் வருமாம். பங்குனியில் திரும்பிப் போய்விடுமாம். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னாள். நானும் அந்த ஊரில்தான் பிறந்து வளர்ந்தவன். அந்த விசிலை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். யார் அடிக்கிறார்கள் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அடுத்த வருஷமும் வந்தது. அந்த வருஷம்தான் அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பின்வாசல் நிலைப்படியில் குப்புறப் படுத்து, தாடையைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பாள்.

"ஏப்பா, அதுக்கு எடது கால்ல நடு வெரல் பாதிதான் இருக்கு."

"ஒனக்குத் தெரிஞ்சதாக்கும்."

"வா, படு. படுத்துப் பாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவள் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பனும் மகளும் ஓணான் மாதிரிக் கெடக்கீங்க" என்றாள். குருவி கல்லின் மேல் தாவி ஏறியதும் பார்த்தேன். நிஜம்தான். இடது காலில் நடு விரல் பாதியில் நின்றுபோயிருந்தது. நகமும் இல்லை.

மூன்றாம் வருஷம் வந்த குருவிக்கும் அதே காலில் அதே விரல் பாதிதான் இருந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்குள் ஓடி வந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அதேதான்ப்பா! அம்புட்டு தூரம் போயிட்டு நம்ம வீட்டைக் கண்டுபிடிச்சு வந்திருக்குப்பா!"

அது வந்து சேர்ந்த நாள் அன்று பின்கதவின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். மூன்று வருஷத்துக்கு மூன்று கோடு.

அவள் வீட்டில் ஒரு சட்டமும் போட்டிருந்தாள். புரட்டாசிக் கடைசியிலிருந்து பங்குனிக் கடைசி வரைக்கும் வீட்டுக்குப் பின்னால் யாரும் கூட்டக் கூடாது. இலையைக் கூட்டினால் புழு போய்விடும், புழு போனால் குருவி போய்விடும். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கூட்டாதே என்று சொல்வது, சோறு ஆக்காதே என்று சொல்வது மாதிரி. விடிந்ததும் கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால்தான் பொழுது தொடங்கியது என்று அர்த்தம். என் மனைவி முதல் வருஷம் சண்டை போட்டாள். இரண்டாம் வருஷம் முணுமுணுத்தாள். மூன்றாம் வருஷம் அவளே காவல்காரி ஆகிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "ஏண்டி, இந்த வீட்ல பொம்பளைன்னு ஒருத்தி இருக்காளா இல்லையா? இம்புட்டுக் குப்பை கெடக்கு?"

"எம் மக ஒரு வெளியூர்க்காரனுக்கு வீடு பிடிச்சுக் குடுத்திருக்கா" என்றாள் என் மனைவி. "சுத்தமா வச்சிருந்தா அவன் தங்க மாட்டானாம்."

"வாடகை எம்புட்டு?"

"காலைல ஒரு விசிலு, சாயங்காலம் ஒரு விசிலு."

இனிமேல் எழுதப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி.

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலுமினியச் சட்டம் அடித்து அதில் கண்ணாடி மாட்டுவோம். ஆஸ்பத்திரி, துணிக்கடை, வங்கி என்று பல இடத்திலும் செய்திருக்கிறோம். என் மகள் ஐந்தாம் வகுப்புப் போன வருஷம் எங்கள் ஊருக்குப் போகிற ரோட்டின் மேலேயே ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். அதன் முகப்புக்குக் கண்ணாடி மாட்டுகிற வேலை எங்கள் கடைக்கு வந்தது. மூன்று மாடி உயரத்துக்கு முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. எதிரே இருப்பதைத்தான் திருப்பிக் காட்டும். எதிரே இருந்தது ரோட்டோரப் புளியமர வரிசையும் அதற்குப் பின்னால் மலையும்.

எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டிலிருந்து நடந்து போனால் ஐந்து நிமிஷம். மத்தியானம் வீட்டுக்கே வந்து சுடுசோறு சாப்பிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கண்ணாடியை மாட்டி முடித்ததும் அதன் மேல் சுண்ணாம்புக் கரைசலால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவோம். பலகை தூக்கி வருகிறவனும், பைப்போடு திரும்புகிறவனும் அங்கே கண்ணாடி இருப்பது தெரியாமல் மோதிவிடக் கூடாது என்பதற்காக. வேலை முடிந்து கட்டடத்தை ஒப்படைக்கிற அன்று அதைத் துடைத்துவிடுவோம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்களுக்குள் ஒருவரை ஒருவர் பாராட்டுவதென்றால், "கண்ணாடி இருக்கறதே தெரியல" என்போம். அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நகைக்கடைக்கு மாட்டிய கண்ணாடியில் ஒரு ஆள் நேராக நடந்துவந்து மூக்கை இடித்துக்கொண்டார். ரத்தமே வந்துவிட்டது. முதலாளி என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகச் சொன்னேன். அந்த ஆளின் மூக்கைப் பற்றி யோசிக்கவில்லை.

மண்டபத்தில் நாங்கள் ஒன்றரை மாதம் வேலை பார்த்தோம். அவ்வளவு நாளும் ஒவ்வொரு கண்ணாடியிலும் வெள்ளைப் பெருக்கல் குறி இருந்தது. ஒரு பறவைகூட அதில் மோதவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. பின்னால்தான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் மண்டபத் திறப்பு விழா. மண்டப மேனேஜர் மத்தியானமே வந்துவிட்டார்.

"என்னப்பா, மொகப்பு பூரா தப்புப் போட்ட பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிருங்க."

நானும் என் கூட்டாளியும் கயிற்றுத் தொட்டிலில் உட்கார்ந்து மேலேயிருந்து கீழே வரைக்கும் துடைத்தோம். என் கூட்டாளி பல வருஷமாக என்னோடு வேலை பார்ப்பவன். நாங்கள் இருவரும் மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். முதலில் ஈரத் துணி, அப்புறம் காய்ந்த துணி, கடைசியில் பழைய பேப்பரைக் கசக்கி வைத்துத் தேய்த்தோம். சுண்ணாம்பின் ஒரு பொட்டுகூட இல்லை. கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தோம். முகப்பு முழுக்கப் புளியமரம். ஒவ்வொரு இலையும் தெரிந்தது. மரத்துக்கு நடுவில் வானம். வானத்துக்குக் கீழே மலை.

"மாப்ள, மரத்தைப் பிடுங்கி இங்கிட்டு நட்டுட்டோம்டா" என்றான் அவன். பிறகு அந்த வார்த்தையையும் சொன்னான். "கண்ணாடி இருக்கறதே தெரியல."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டுக்குப் போனால் மகள் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். கையில் சாக்பீஸ்.

"நாளைக்கு, இல்லாட்டி நாளான்னைக்கு வந்துரும்ப்பா. போன வருஷம் இந்த வாரந்தான் வந்துச்சு."

"வரும், வரும்."

"வந்தா இந்தத் தடவை ஒன்னையக் கோடு போடச் சொல்லலாம்னு இருக்கேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, கயிற்றையும் ஏணியையும் எடுத்து வண்டியில் ஏற்றுவதற்காக நானும் கூட்டாளியும் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் ஒரு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முகப்புக்குக் கீழே போனேன்.

அது அங்கே மல்லாந்து கிடந்தது. முதலில் சிவப்புதான் கண்ணில் பட்டது. பந்தலில் கட்டிய துணிப்பூ ஏதோ விழுந்து கிடக்கிறது என்று நினைத்துக் குனிந்தேன். கையில் எடுத்தேன். சூடு இருந்தது. தலை மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் பாதி மூடியிருந்தது. மேலே பார்த்தேன். என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், கண்ணாடியில், மாவைத் தொட்டு அப்பியது போல மங்கலாக ஒரு இறக்கையின் அச்சு இருந்தது. கண்ணாடிக்குள் இருந்த புளியமரத்துக் கிளையின் நடுவில் அந்த அச்சு.

இடது காலைப் பிடித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இல்லை, சரியாகப் பார்க்கவில்லை என்று மறுபடியும் பார்த்தேன். நடு விரல் பாதிதான் இருந்தது.

எங்கிருந்தோ அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. எத்தனை ஆறு, எத்தனை ஊர், எத்தனை கரண்டுக் கம்பியைத் தாண்டி வந்ததோ. எங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிஷ நடை பாக்கி. நான் துடைத்த கண்ணாடியில் நான் நட்ட மரத்தைப் பார்த்து, உட்காரலாம் என்று வந்திருக்கிறது.

கூட்டாளி வந்தான். "என்னடா அது? பொம்மையா?"

கிட்ட வந்து குனிந்து பார்த்தான்.

"அட, செத்த குருவி. நல்ல நாளும் அதுவுமா வாசல்ல இது வேறயா? தெறக்க வர்றவரு காரு வந்துரும்டா. தூக்கிப் போடு, தூக்கிப் போடு."

பிள்ளைகளா, அதற்குப் பிறகு நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். முந்தின நாள் துடைத்த பேப்பரெல்லாம் ஒரு வாளியில் கிடந்தது. குருவியை அதில் போட்டு, மேலே நாலு பேப்பரைப் போட்டு மூடினேன். கட்டடக் கழிவெல்லாம் ஏற்றி நின்ற டிராக்டரில் அந்த வாளியைக் கவிழ்த்தேன். ஒரு குழி தோண்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எதிரே மரத்தடியில் நல்ல மண் இருந்தது. பக்கத்தில் கொத்தனார் விட்டுப்போன கரண்டியும் கிடந்தது. நான் தோண்டவில்லை. அதோடும் நிற்கவில்லை. ஏணியை மறுபடியும் சாத்தி மேலே ஏறி, அந்த இறக்கை அச்சையும் துடைத்துவிட்டு இறங்கினேன். கண்ணாடியில் அழுக்கு இருக்கக் கூடாது அல்லவா.

அதற்கப்புறமும் காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் முகப்புக்குக் கீழே பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் ஒரு மீன்கொத்தி, ஒரு தவிட்டுக்குருவி. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"சார், அந்தச் சுண்ணாம்புக் குறியைத் திருப்பிப் போட்டு விட்டுரலாமா? சின்னச் சின்னதாப் போட்டாக்கூடப் போதும். குருவி வந்து அடிபடுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு மாப்பிள்ளை நின்னு போட்டோ எடுக்கற எடம்யா அது. அதுல பெருக்கல் குறி போடச் சொல்றியா? நீ கண்ணாடிக்காரனா, குருவி வைத்தியனா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் முகம் எனக்கே பிடிப்பதில்லை.

வீட்டில் மகள் காத்துக்கொண்டிருந்தாள். திறப்பு விழா அன்றைக்கே சாயங்காலம் கேட்டாள். "ஏப்பா, நீ வர்ற வழியில விசில் கேட்டுச்சா?"

"இல்லத்தா. மழை இன்னும் சரியாப் பிடிக்கலல்ல. மெதுவா வரும்."

இதுதான் முதல் பொய். அடுத்தடுத்து வந்தவற்றுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மழை பிடித்தது. "மழைக்கு எங்கேயாவது ஒதுங்கி நிக்கும்." கார்த்திகை வந்தது. "வழியில தீனி நல்லாக் கெடைச்சிருக்கும். தின்னுட்டு வரட்டும்." அவளும் நம்பினாள். மழை விட்டதும் ரோட்டில் நெளிகிற மண்புழுவையெல்லாம் ஒரு கொட்டாங்குச்சியில் பொறுக்கிவந்து இலைக் குப்பைக்குள் விடுவாள். வருகிறவனுக்குப் பசிக்கும் என்பாள். காலையில் ஆறு மணிக்கு நான் எழுப்பாமலே எழுந்து பின்வாசலில் போர்வையோடு உட்காருவாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் காபி குடிப்பேன்.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் மனைவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மகள் குறுக்கே நின்றாள்.

"ஏண்டி, பொங்கலும் வந்துருச்சு. இனிமே எங்கிட்டு வரப்போகுது? பாம்பு கீம்பு அடையப்போகுது. தள்ளு."

"அப்பா வரும்னு சொல்லியிருக்கு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். மகளும் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

"இருக்கட்டும், விடு" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவள் அழுவாள் என்று சொல்லவில்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. கண்ணாடி மாட்டியது நான்தான் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அடிபட்டுச் செத்துப்போய்விட்டது என்று மட்டும் சொன்னால் அழுது முடித்துவிடுவாள். அதற்கப்புறம், "நீ அதை என்னப்பா செஞ்ச?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கறி எடுத்திருந்தோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவன் அங்கேயிருந்தே கேட்டான்.

"என்ன தங்கச்சி, பின்னாடி காடு வளக்குறீங்களா? காலு முழங்கால் வரைக்கும் பொதையுது."

என் மனைவி சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னாள். வெளியூர்க்காரன், விசில், கதவில் கோடு, இந்த வருஷம் அவன் ஏமாற்றிவிட்டது, எல்லாம். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். நான் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவன் வாயை மூடியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எது, இந்தக் கலர் கலரா, வாலு இல்லாம, அடிவயிறு செவப்பா இருக்குமே? அதுதான் அன்னைக்கு மண்டபத்துல செத்துக் கெடந்துச்சே. ஏன் மாப்ள, நீதான வாளியில அள்ளிப் போட்ட?"

மகள் அவனுக்குத் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து நின்றிருந்தாள். என்னை அவள் கேட்கவில்லை. அவனைத்தான் கேட்டாள்.

"மாமா, அதுக்குக் கால்ல எல்லா வெரலும் இருந்துச்சா?"

"அதெல்லாம் யாருத்தா பாத்தா? ஒங்கப்பன்தான் காலைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டிருந்தான்."

செம்பை அவன் கையில் கொடுத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு உள்ளே வந்து என் எதிரே நின்றாள்.

"என்னைக்கு?"

"மண்டபம் தெறந்த அன்னைக்கு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. ஒரு கை போதாமல் அடுத்த கைக்குப் போனாள். ஆறாவது விரலில் நிறுத்தினாள். நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை அவள் கேட்கவே இல்லை. வாளி என்ற ஒரு வார்த்தையிலேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். கூட்ட ஆரம்பித்தாள். என் மனைவி பின்னாலேயே ஓடி, "வெயில் கொளுத்துதுடி, சாயங்காலம் நான் கூட்டுறேன், குடு" என்றாள். கொடுக்கவில்லை. கூட்டாளி என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் மாப்ள" என்று மெல்லக் கிளம்பிவிட்டான். ஆறு மாத இலை. எட்டுக் கூடை வந்தது. ஒவ்வொன்றையும் அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத்தொட்டிக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். நான் ஒரு கூடையைத் தூக்கப் போனேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நான் விலகிப் போகும் வரைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இலை போனதும் கீழே மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அவள் பொறுக்கிவந்து விட்ட மண்புழுக்கள் நெளிந்தன. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலியைத் தாண்டி வந்து பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்தன.

அன்று முழுக்க அவள் அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். ஒன்று மட்டும் மாறியது. அதுவரைக்கும் என்னை "வாப்பா, போப்பா" என்றுதான் சொல்வாள். அதற்குப் பிறகு "வாங்க, போங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். "ஆறாப்புப் போகப் போறால்ல, பிள்ளைக்கு மரியாதை தெரிஞ்சிருச்சு" என்று என் மனைவி எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

இப்போது அவள் பத்தாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். என்னிடம் எல்லாம் பேசுவாள். மார்க் சொல்வாள், நோட்டு வாங்கிவரச் சொல்வாள், காய்ச்சல் என்றால் மாத்திரை எடுத்துக்கொடுப்பாள். குருவியைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். கதவில் இருந்த மூன்று கோட்டையும் ஒரு பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அவளே அடித்து மறைத்துவிட்டாள்.

நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். அதே கண்ணாடியைத்தான் மாட்டுகிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது. ஐப்பசி வந்தால், பஸ்ஸுக்குப் போகிற வழியில், மண்டபத்து முகப்பின் ஓரத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுண்ணாம்பால் சின்னச் சின்னதாகக் குறி போட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் திரும்பி வரும்போது இருக்காது. வாட்ச்மேன் துடைத்திருப்பார். நல்ல மனுஷர்தான். அவர் வேலை அது. ரொம்பச் சுத்தமாகத் துடைப்பார். மேலே இருக்கிற கண்ணாடிக்கு எனக்குக் கை எட்டாது. குருவி மோதுவது அங்கேதான். அதுவும் எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் பின்வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உண்ணிப் புதருக்குள்ளிருந்து அந்த இரட்டை விசில் கேட்டது. ஒரு தடவை. கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தடவை. புதிதாக வந்த ஏதோ ஒன்று. வழி தப்பாமல், எங்கும் மோதாமல் வந்திருக்கிறது.

அவள் பேனா நின்றது. அதைப் பார்த்தேன். அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தது அவளுக்கும் தெரிந்தது. வெளியே தரை அன்றைக்குக் காலையில் கூட்டியபடி, ஒரு இலை இல்லாமல், வெறுமையாகக் கிடந்தது.

அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பின்கதவைச் சாத்துங்கப்பா. கொசு வருது."

எழுந்து போய்ச் சாத்தினேன்.